பட்ஜியைப் புதுக் கூண்டுக்கு மாற்றுவது எப்படி? பயந்த பறவைக்கு ஒரு வார முறை

புதுக் கூண்டு வீட்டுக்கு வந்த அன்றே பழைய கூண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதை முதலில் சொல்லக் காரணம், நான் செய்த தவறே அதுதான்.

தங்கம் எங்கள் முதல் பட்ஜி. நம்மில் பலர் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது இந்தப் பறவையைத்தான். அதற்கு ஆசையாகப் பெரிய கூண்டு வாங்கினேன். அன்று இரவே கையால் பிடித்து உள்ளே விட்டேன், பழைய கூண்டைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். தங்கம் மேல் மூலைக் கம்பியைப் பற்றிக்கொண்டு விடிய விடியத் தொங்கியது. மறுநாள் மதியம் வரை தீனிப் பக்கம் இறங்கவே இல்லை. நல்லவேளை, பழைய தீனிக் கிண்ணமும் ஒரு குச்சியும் வீட்டில் தங்கிவிட்டன. அவற்றை உள்ளே மாட்டிய பிறகுதான் வந்து கொத்தியது. அதற்குப் பிறகு வந்த ‘குட்டி’ என்ற பட்ஜியை இந்த ஆண்டு மாற்றியபோது 6 நாள் எடுத்துக்கொண்டேன். என் கை அதன் மேல் படவே இல்லை, தானாக நடந்து போனது. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிப் பறவை. எடை 30 முதல் 40 கிராம்தான். பருந்துக்கு இரையாகும் உயிர் என்பதால், புதிதாக எது தெரிந்தாலும் முதலில் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். அது பிடிவாதம் இல்லை. பழைய கூண்டில் ஒவ்வொரு கம்பியும் அதற்குப் பழக்கம். புதுக் கூண்டு எவ்வளவு வசதியாக இருந்தாலும் அந்தப் பழக்கம் அங்கே இல்லை.

முதல் படி: பறவை பார்க்கும் முன்பே கூண்டைத் தயார் செய்யுங்கள்

கம்பிகளுக்கு இடையே 12 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பட்ஜி தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். உயரத்தைவிட அகலம் அதிகமாக இருக்கட்டும், ஏனென்றால் இவை பக்கவாட்டில்தான் பறக்கும். துத்தநாகப் பூச்சு உரியும் கூண்டு வேண்டாம். பறவை கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும், துத்தநாகம் அதற்கு விஷம். புதுக் கூண்டு எதுவானாலும் வினிகர் கலந்த நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக அலசி, ஒரு நாள் காற்றில் காயவிடுங்கள்.

கூண்டோடு வரும் குச்சிகள் எல்லாம் ஒரே பருமனில் வழவழப்பாக இருக்கும். நாள் முழுக்க அதிலேயே நின்றால் காலில் புண் வரும். வெவ்வேறு பருமனில் இயற்கையான கிளைகள் வையுங்கள். கொய்யாக் கிளை மிக நல்லது. பூச்சிமருந்து அடிக்காத தொட்டிச் செடி வளர்க்கும் உறவினர் யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூரில் பூங்காவிலோ சாலையோரத்திலோ அனுமதி இல்லாமல் கிளை ஒடிப்பது சட்டப்படி குற்றம், அது நினைவிருக்கட்டும்.

இரண்டாம் படி: இடம்

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இதுதான் கஷ்டமான பகுதி. கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்க வேண்டும். நாலு பக்கமும் திறந்திருந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் பறவை தவிக்கும். உயரம் உங்கள் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கட்டும். காற்றாடிக்கு நேர் கீழே, குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடம், மாலை வெயில் இறங்கும் மேற்கு சன்னல் மூன்றும் ஆகாது. சன்னலை ஒட்டியும் வைக்காதீர்கள். துணி காயவைக்கும் கழியில் காகமோ மைனாவோ வந்து உட்கார்ந்தால், புது இடத்தில் இருக்கும் பறவைக்கு அந்த ஒரு நிமிடமே போதும், அன்று முழுக்க இரை எடுக்காது.

சமையலறைப் பக்கம் கூண்டே கூடாது. ஒட்டாத பூச்சு போட்ட தோசைத் தவா அளவுக்கு மீறிச் சூடானால் ஒரு வாயு வெளியாகும். நமக்கு அது தெரியாமலே போகலாம், பறவை சில நிமிடங்களில் இறந்துவிடும். கதவைச் சாத்தினால் போதும் என்று நம்பாதீர்கள், அந்த வாயு வீடு முழுக்கப் பரவும். நான் அந்தத் தவாவை எடுத்துவிட்டு இரும்புத் தோசைக்கல்லுக்கே திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி, வாசனைத் தெளிப்பான் இவையும் பறவையின் நுரையீரலுக்கு ஆகாது. எங்கள் வீட்டில் இப்போது விளக்கு மட்டும்தான் ஏற்றுகிறோம். மாமியாருக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. தங்கம் மூச்சு விடும்போது அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதைக் காட்டினேன், அப்புறம் அவரே சாம்பிராணித் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். புளோக்கில் டெங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்கும் நாளிலும், புகைமூட்டம் வரும் நாட்களிலும் சன்னல்களைச் சாத்திவிடுங்கள்.

மூன்றாம் படி: இரண்டு கூண்டும் பக்கத்தில் பக்கத்தில்

முதல் நாள் புதுக் கூண்டைக் காலியாக ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். பறவையைக் கவனியுங்கள். இறகை உடம்போடு ஒட்டி, ஒல்லியாக நீண்டு, அசையாமல் நின்றால் பயந்திருக்கிறது. இன்னும் தள்ளி வையுங்கள். இறகைக் கோதினால், ஒற்றைக் காலில் நின்றால், அலகை நறநறவென்று அரைத்தால் பயம் தணிந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவரலாம். குட்டிக்கு இதற்கே இரண்டு நாள் ஆனது. சில பறவைகளுக்கு ஒரு வாரம்கூட ஆகும், ஆகட்டும்.

அடுத்து, கதவுக்கு நேர் கதவு. இரண்டு கூண்டையும் கேபிள் டையால் சேர்த்துக் கட்டி, இடைவெளியை அட்டையால் அடைத்துவிடுங்கள். தொடங்கும் முன் காற்றாடியை நிறுத்தி, சன்னல்களை மூடுங்கள். கம்பித் தடுப்பு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், பட்ஜி அதன் வழியே எளிதாகப் போய்விடும். ஒரு நீளக் குச்சி பாதி இங்கே, பாதி அங்கே இருக்கும்படி இரண்டு கதவுக்கும் நடுவே வையுங்கள். பறவைக்கு அது பாலம்.

புதுக் கூண்டின் வாசல் பக்கம் ஒரு தினைக்கதிரைக் கட்டிவிடுங்கள். செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும். கதிர் இல்லையென்றால் தேக்கா (லிட்டில் இந்தியா) மளிகைக் கடைத் தினையே போதும். ஆனால் வழக்கமான தீனியும் தண்ணீரும் பழைய கூண்டிலேயே இருக்க வேண்டும். பசி வந்தால் தானாகப் போகும் என்று பட்டினி போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இத்தனை சின்ன உடம்பு ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது.

முதலில் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும், உடனே திரும்பி ஓடும். இருபது முறை இப்படிச் செய்யும். கைதட்டாதீர்கள், பின்னாலிருந்து தள்ளாதீர்கள். கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் அன்றைக்கு அதுவே போதும். போய் வரப் பழகிய பிறகு, பழைய கிண்ணம், பழைய குச்சி, பழைய மணி என்று நாளுக்கு ஒன்றாகப் புதுக் கூண்டுக்கு மாற்றுங்கள்.

இரவு

புதுக் கூண்டில் சாப்பிட்டு, இறகு கோதி, பகலில் ஒரு தூக்கமும் போட்ட பிறகே இரவு அங்கே விடுங்கள். பறவைக்கு 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இங்கே ஆண்டு முழுக்க மாலை 7 மணியை ஒட்டி இருட்டிவிடுகிறது, நம் வீட்டு விளக்குதான் 11 மணி வரை எரிகிறது. அதனால் மூன்று பக்கமும் மெல்லிய பருத்தித் துணியால் மூடி, ஒரு பக்கத்தைக் காற்றுக்கு விடுங்கள். அங் மோ கியோவில் கெபுன் பாரு பறவை மன்றத்துப் பெரியவர்கள் கூண்டைத் துணிபோட்டு மூடித் தூக்கி வருவதைப் பார்த்துத்தான் எனக்கு இது தோன்றியது. அப்பாவின் பழைய வேட்டிதான் எங்கள் துணி. சின்ன இரவு விளக்கு ஒன்று எரியட்டும். இருட்டில் திடுக்கிட்டால் பறவை கண்மண் தெரியாமல் கம்பியில் மோதிக்கொள்ளும், காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளிகளுக்கு இது இன்னும் அதிகம்.

உடனே மாற்றியே ஆக வேண்டும் என்றால்

கூண்டு உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையை மங்கலாக்கி, மெல்லிய துண்டால் பறவையை மூடி எடுங்கள். மார்பை மட்டும் அழுத்தவே கூடாது. பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும். உள்ளே விட்டதும் பழைய கிண்ணத்தையும் குச்சியையும் மாட்டிவிட்டு, அந்த அறையில் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் எதைப் பார்க்க வேண்டும்

தீனிக் கிண்ணம் நிறைந்திருப்பதை நம்பாதீர்கள். பட்ஜி உமியை உரித்து அங்கேயே போட்டுவிடும். மேலே லேசாக ஊதிப் பாருங்கள், அடியில் ஒரு விதைகூட இல்லாமல் இருக்கலாம். அடித்தட்டில் வெள்ளைத் தாள் விரித்து எச்சத்தைத் தினமும் கவனியுங்கள். எச்சம் சட்டென்று குறைந்தால் சாப்பிடவில்லை என்று பொருள். சமையலறைத் தராசில் ஒரு குச்சியோடு நிற்கப் பழக்கிவிட்டால் இன்னும் நல்லது, 3, 4 கிராம் குறைந்தாலே தெரிந்துவிடும்.

நாள் முழுக்க இறகைப் புசுபுசுவென்று உப்பி உட்கார்ந்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, அடித்தட்டில் போய் உட்காருவது, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது இவற்றில் எது தெரிந்தாலும் அதைப் புது இடத்துப் பயம் என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். எல்லா விலங்கு மருத்துவமனையும் பறவையைப் பார்ப்பதில்லை. பார்க்கும் இடத்தின் எண்ணை இப்போதே கைப்பேசியில் சேமித்துவிடுங்கள்.

அந்த வாரம் பொம்மைகளை இடம் மாற்ற வேண்டாம். கூண்டுக்குப் போகும்போது தூரத்திலிருந்தே பெயர் சொல்லிக்கொண்டு, முன்பக்கமாகப் போங்கள். பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்டால் எதிரே உட்கார்ந்து கதை படிக்கச் சொல்லுங்கள், குரல் பழகிவிடும்.

மூன்று நான்கு நாள் பழைய கூண்டுப் பக்கமே போகவில்லை என்றால் அதைப் பிரித்துவிடலாம். கழுவி எடுத்து வையுங்கள், மருத்துவரிடம் கொண்டுபோகும்போது பறவைக்கு முன்பே தெரிந்த கூண்டு அதுதான். குட்டியின் பழைய கூண்டு எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, அதன் குச்சி ஒன்றும் உள்ளேயே இருக்கிறது.