பழைய கப் வாகனத்தை வீட்டு முற்றத்தில் உயர்த்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாரிக்கு முன், அயல் வளவொன்றில் இரண்டு இளைஞர்கள் ஒரு பழைய ஹைலக்ஸ் கப் (பிக்கப்) வாகனத்தை, ஸ்பிரிங்குகளை மாற்றி, உயர்த்திக்கொண்டிருந்தார்கள். புதிய ஸ்பிரிங்குகளின் வில்லுத்தகடுகள் சாக்கில் சுற்றியபடி பாலை மரத்தடியில் கிடந்தன. இளையவர் கழற்றிய யூ போல்ட்டுகளை, அதாவது ஸ்பிரிங்கை அக்சிலோடு கட்டும் யூ வடிவப் போல்ட்டுகளை, டீசலில் ஊறவைத்துக் கம்பி பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். துரு போய் இரும்பு மினுங்கத் தொடங்கியதும், "அண்ணை, பாருங்கோ, புதுசு மாதிரி வந்திட்டுது" என்று என் கையில் ஒன்றைத் தந்தார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் தேய்த்துப் பூட்டினேன். அதன் விளைவை அனுபவித்தவன் என்ற முறையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய கப் வாகனங்களை விற்க எவருக்கும் மனம் வரவில்லை. வயலுக்கும் குளக்கட்டுக்கும் கிறவல் வீதிக்கும் அவை இன்றும் பயன்படுவதால், அவற்றை உயர்த்தும் ஆசையும் பரவியிருக்கிறது. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது என்பதுபோல எல்லோரும் அறிந்தவற்றை நான் விரித்து எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். மழை பெய்து இரண்டு நாளானாலும் எங்கள் முற்றத்து மண்ணின் உட்பகுதி இளகியே இருக்கும்; ஜக்குக்கும் தாங்கிகளுக்கும் கீழே அகலமான முதிரைப் பலகை வையுங்கள்.

எது உயர்கிறது என்று அறியாமல் தொடங்குவது

இரண்டு அங்குல ஸ்பிரிங் கிட் போட்டால் வாகனம் முழுவதும் இரண்டு அங்குலம் உயரும் என்று பலர் நினைக்கிறார்கள். உயர்வது சேசியும் (அடிச்சட்டமும்) அதற்கு மேலுள்ள உடலும்தான். அக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். வரம்பில் டிஃப்பெரன்ஷியல் (அக்சிலின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) முட்டி நின்ற வாகனம், கிட் போட்ட பின்னும் அதே வரம்பில் அதே இடத்தில் முட்டி நிற்கும். அக்சிலை நிலத்திலிருந்து உயர்த்துவது ரயர் மட்டுமே. அதிலும் ரயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அக்சில் ஒரு அங்குலம்தான் உயரும். ஸ்பிரிங்கை உயர்த்துவதால் பெரிய ரயருக்கு இடம் கிடைக்கிறது, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன்பம்பரும் பின்பகுதியும் நிலத்தில் உரசாமல் இருக்கின்றன. தேவை எது என்று தீர்மானித்த பின்பே பணத்தைச் செலவிட வேண்டும்.

தொடங்குவதற்கு முன், சமதரையில் நிறுத்தி, நான்கு சில்லுகளின் நடுவிலிருந்தும் மட்காட் விளிம்பு வரையுள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முப்பது வருடம் நெல் மூட்டை சுமந்த ஸ்பிரிங் தன் உயரத்தில் ஒரு பகுதியை எப்போதோ இழந்திருக்கும். புதிய சாதாரண ஸ்பிரிங்குகளே போதும் என்று அந்த அளவு சில வேளைகளில் காட்டிவிடும். பாரம் ஏற்றும் வாகனத்தை இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்த நான் எவருக்கும் சம்மதம் சொல்வதில்லை.

பழைய யூ போல்ட்டுகளை மீண்டும் பூட்டுவது

அக்சிலை ஸ்பிரிங்குடன் பிடித்து வைத்திருப்பது சென்ரர் போல்ட் என்று நம்புவதில்தான் இந்தத் தவறு தொடங்குகிறது. சென்ரர் போல்ட் தகடுகளைச் சேர்த்துக் கட்டுகிறது; அதன் தலை, அக்சிலில் ஸ்பிரிங் அமரும் இருக்கையின் துளையில் அமர்ந்து, ஸ்பிரிங் எங்கே இருக்கவேண்டும் என்று இடம் காட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. பிறேக் பிடிக்கும்போதும் குழியில் விழும்போதும் அக்சிலை நகரவிடாமல் வைத்திருப்பது, பக்கத்துக்கு இரண்டாக உள்ள யூ போல்ட்டுகள் ஸ்பிரிங்கை இருக்கையோடு அழுத்திப் பிடிப்பதால் உண்டாகும் உராய்வாகும். அந்தப் பிடி தளர்ந்தால் முழுச் சுமையும் ஒரு சிறிய சென்ரர் போல்ட்டின் மேல் விழுகிறது. அதைத் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை.

யூ போல்ட் இறுகும்போது வில்லின் நாணைப்போல இழுபட்டு நிற்கிறது. வருடக்கணக்கில் இழுபட்டு நின்று, மரை தேய்ந்து, துருவும் ஏறிய போல்ட்டை மறுபடி இறுக்கும்போது, நாம் கொடுக்கும் பலத்தின் பெரும்பகுதி கரடுமுரடான மரையோடு உரசுவதிலேயே செலவாகிவிடும். கைக்கு இறுகியதுபோல் தோன்றும். இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பனரும் சரியான அளவைக் காட்டும். ஸ்பிரிங்கின் மேலோ வேண்டிய அழுத்தம் இராது. புதிய தகட்டுக் கட்டு தடித்ததாக இருந்தால் பழைய போல்ட்டின் கால்கள் நீளம் போதாமல், நட்டு பாதி மரையில் நிற்கவும் கூடும்.

2011இன் இறுதியில் என்னுடைய கப் வாகனத்தை உயர்த்தியபோது இவை எதுவும் எனக்குத் தெரியாது. கிட் விற்றவரும் பழைய போல்ட் போதும் என்றார். நான் தேய்த்து, எண்ணெய் பூசி, ஸ்பனரில் குழாய் ஒன்றைச் செருகி முழு உடம்புப் பலத்தோடும் இறுக்கினேன். அடுத்த மாசியில், காலபோக அறுவடை நேரம், பின்னால் நெல் மூட்டைகளுடன் ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் நோக்கி வந்துகொண்டிருந்தேன். வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. பிறேக் பிடித்தபடியே இடது பின்சில்லு ஒரு குழியில் இறங்கியது. விறகு பிளந்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. அடுத்த கணம் வாகனம் வலப்பக்கம், எதிரே வருவோரின் பக்கம், தானாகவே திரும்பத் தொடங்கியது. ஸ்ரியறிங்கை இடப்பக்கம் ஒடித்துப் பிடித்து ஓரத்தில் நிறுத்தினேன். அந்நேரம் எதிரே எவரும் வரவில்லை. என்னைக் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

இறங்கிப் பார்த்தேன். இடது பின்சில்லு மட்காட்டின் பின்விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. அக்சிலின் அந்த முனை பின்னோக்கிப் போய்விட்டதால் பின்சில்லுகள் இரண்டும் இடப்பக்கமாக உருண்டன. பின்புறம் இடப்பக்கம் போக, முன்புறம் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. கழற்றியபோது சென்ரர் போல்ட்டின் தலை மட்டும் இருக்கையின் துளையில் கிடந்தது. முறிந்த முகத்தின் ஒரு பாதி கறுத்துத் துருவேறியிருந்தது, மறுபாதி வெள்ளியாகப் பளபளத்தது. ஒரே அடியில் முறிந்த போல்ட்டுக்கு அப்படி இரண்டு நிறம் வராது. நாட்கணக்கில் வெடித்துக்கொண்டே வந்து, மிச்சம் இருந்தது அன்று முறிந்திருக்கிறது. இருக்கையின் மேற்பரப்பு தேய்ந்து கண்ணாடிபோல் இருந்தது. யூ போல்ட்டுகளைச் சுற்றி மிளகாய்த்தூள் போன்ற செம்பொடி படிந்திருந்தது. இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் வரும் பொடி அது. முதல் வாரமே குனிந்து பார்த்திருந்தால் அதைக் கண்டிருப்பேன். ரயர், பிறேக் பைப், ஷொக் (அதிர்வு தாங்கி), புரொபெல்லர் ஷாப்ட்டின் மூட்டு என்று திருத்தி முடிக்க, அந்தப் போகத்தில் உழைத்த ஏற்றுக்கூலி முழுவதும் போய்விட்டது.

இந்தப் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். 2002இல் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறக்கும்வரை, போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் உதிரிப்பாகம் என்பது கிடைக்காத பொருளாக இருந்தது. மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டியும், தேய்ந்ததை நிரப்பியும், ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டியும் வன்னியின் மெக்கானிக்மார் வாகனங்களை ஓடவைத்தார்கள். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். அதில்தான் நானும் தொழில் படித்தேன். ஆனால் இன்று புதிய ஸ்பிரிங்குக்கும் ஷொக்குக்கும் அத்தனை பணத்தைக் கொட்டிவிட்டு, அவை எல்லாவற்றையும் அக்சிலோடு பிடித்து நிற்கும் போல்ட்டுகளில் சிக்கனம் பார்ப்பதைக் காணும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. கடையில் வாங்கிய மரை போட்ட கம்பியை உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்துப் பூட்டுவோரும் இருக்கிறார்கள். சூட்டில் வளைத்த இடத்தில் இரும்பின் குணம் மாறிவிடும். அக்சிலின் வளைவுக்கும் தகட்டுக் கட்டின் தடிப்புக்கும் பொருந்திய, அந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட புதிய போல்ட்டுகளையும் புதிய நட்டுகளையும் மட்டும் வாங்குங்கள்.

பூட்டும்போது இருக்கையிலுள்ள மண், தடித்த பெயின்ற், கிறீஸ் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். சென்ரர் போல்ட்டின் தலை துளைக்குள் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நான்கு நட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்கி, வாகனம் சில்லுகளில் நிற்கும்போது, கைநூலில் உள்ள அளவுக்கு ரோர்க் ஸ்பனரால் முடியுங்கள். பிறகு நட்டிலிருந்து போல்ட்டுக்கு வெள்ளைப் பெயின்றால் ஒரு நேர்கோடு இழுங்கள். புதிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று அமரும்போது பிடி சற்றுத் தளரும். ஆகவே முதல் 50 கிலோமீற்றரிலும் பின்னர் 500 கிலோமீற்றரிலும் ரோர்க் ஸ்பனரை மறுபடி வைத்துப் பார்க்கவேண்டும். நட்டு கழன்று வந்தால் அந்தக் கோடு முறிந்து காட்டும். ஏ9இல் போகும் எவரும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தாமல் போவதில்லை. தேங்காய் உடைத்துவிட்டு வந்து ஏறுவதற்கு முன் ஒருமுறை குனிந்து அந்தக் கோடுகளைப் பாருங்கள்; செம்பொடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முன் அக்சிலுக்கு மேல் கட்டை வைத்து உயர்த்துவது

வைக்கவே கூடாது.

புஷ் போல்ட்டுகளைத் தொங்கலில் இறுக்குவது

வாகனம் தாங்கியில் நிற்க, ஸ்பிரிங் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போது, அதன் இரு முனைகளிலும் உள்ள போல்ட்டுகளைக் கடைசிவரை இறுக்கிவிடுவார்கள். போல்ட்டைச் சுற்றியுள்ள இறப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வாகனத்தை இறக்கியதும் ஸ்பிரிங் நிமிர, இறப்பர் முறுக்குண்டு நிற்கிறது. எப்போதும் முறுக்குண்டு நிற்பதால் சில மாதங்களில் கிழிந்துவிடும். அதுவரை ஓட்டமும் கடினமாக இருக்கும், உயரமும் பொய்யாகக் காட்டும். தொங்கலில் கையிறுக்கம் போதும். சில்லுகள் நிலத்தில் நிற்க, வாகனத்தை நாலைந்து தரம் அழுத்திக் குலுக்கிய பின் முழுவதும் இறுக்குங்கள்.

பிறேக்கை மறப்பது

உயர்த்திய பின் அக்சில் முன்பைவிடக் கீழே தொங்க முடியும். பிறேக் ஹோஸ் பழைய நீளத்திலேயே இருந்தால், ஒரு பக்கச் சில்லு பள்ளத்தில் இறங்கும்போது அது நாண்போல் இழுபடும். அக்சிலை முழுத் தொங்கலில் விட்டு, முன் சில்லுகளை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, ஹோஸ் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். போதாவிட்டால் நீளமான ஹோஸ் போடுங்கள்.

பல ஹைலக்ஸ் வாகனங்களில் சேசியிலுள்ள ஒரு வால்வு, மெல்லிய கம்பி ஒன்றால் பின் அக்சிலோடு இணைக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறிப் பின்புறம் தாழ்ந்தால் அது பின்சில்லுகளுக்குக் கூடுதலாகப் பிறேக் விடும். வெறுமையாக உயர்ந்து நின்றால் குறைக்கும். நீங்கள் உயர்த்தியதை அந்த வால்வு பாரமில்லை என்றே எடுத்துக்கொள்ளும். மூட்டைகள் ஏறிய பின்னும் பின்பிறேக் குறைவாகவே இருக்க, முன்பிறேக் தனித்துச் சுமக்கும். கம்பியின் இணைப்பை உயர்த்திய அளவுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். வால்வைக் கழற்றி எறியச் சொல்பவரின் பேச்சைக் கேட்கவேண்டாம்.

கோணங்களை அளக்காமல் விடுவது

திருப்பத்தை முடித்த பின் ஸ்ரியறிங் தானாக நேரே வராவிட்டால் முன் அக்சிலின் சாய்வு மாறியிருக்கிறது. குறிப்பிட்ட வேகத்தில் வாகனத்தின் அடியில் நடுக்கம் வந்தால் பின்பக்கப் பினியனின், அதாவது புரொபெல்லர் ஷாப்ட் வந்து இணையும் டிஃப்பெரன்ஷியல் முனையின், கோணம் மாறியிருக்கிறது. இரண்டையும் கழற்றுவதற்கு முன்பே கைத்தொலைபேசியின் மட்டமானியை வைத்து அளந்து குறித்திருந்தால், கோணத்தைத் திருத்த ஸ்பிரிங்குக்கும் அக்சிலுக்கும் இடையில் வைக்கும் ஆப்புத் தகடு எவ்வளவு வேண்டும் என்பது தெரியும். ஆப்பு உருக்கில் இருக்கவேண்டும்; அலுமினிய ஆப்பு பாரத்தில் நசுங்கி வெடிக்கும், அதோடு யூ போல்ட்டின் பிடியும் போய்விடும்.

பழைய ஷொக்கை விட்டுவைப்பது

நீளம் போதாது, அறுந்துபோகும்.

வெள்ளத்தில் இறங்கும் துணிவு

உயர்ந்த வாகனம் என்று நம்பி மாரியில் நீரோடும் கோஸ்வேயில் (தாழ்ந்த பாலத்தில்) இறங்குவோர், அக்சிலின் மூச்சுக்குழாய் இருந்த இடத்திலேயே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஓடிச் சூடான டிஃப்பெரன்ஷியல் நீரில் குளிர்ந்ததும் அந்தக் குழாய் வழியே நீரை உள்ளே இழுக்கும். குழாயை நீட்டி மேலே சேசியில் கட்டிவிடுங்கள். அதன் பின்னும் எண்ணெய் பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று மாரி முடிய ஒருமுறை பாருங்கள்.

முன்விளக்குகள்

உயர்த்திய அன்றே, இருட்டுவதற்கு முன் தாழ்த்திச் சரிசெய்யுங்கள். எங்கள் வீதிகளில் இரவில் எதிரே வருபவர் பெரும்பாலும் விளக்கில்லாத சைக்கிளில் வருபவர்.