கார்புரேட்டருக்கு மாறும் கோல்ஃப் ஜிடிஐ: ஹெட்டில் மிஞ்சும் இன்ஜெக்டர் ஓட்டைகளை அடைப்பது எப்படி?

பழைய ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயின் 8 வால்வு இன்ஜினில் போஷ் கே-ஜெட்ரானிக் (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் மெக்கானிக்கல் அமைப்பு) கழற்றிவிட்டு இரட்டை வெபர் கார்புரேட்டர் மாட்டுவது பலருக்கும் பிடித்த வேலை. மேனிஃபோல்டு, லிங்கேஜ், ஜெட் அளவு என்று எல்லாவற்றையும் யோசித்து முடித்த பிறகு சிலிண்டர் ஹெட்டைப் பார்த்தால் நான்கு ஓட்டைகள் திறந்தபடி நிற்கும். பல கார்களில் இன்ஜெக்டர் மேனிஃபோல்டில் இருக்கும். மேனிஃபோல்டை மாற்றினால் ஓட்டையும் போய்விடும். இந்த இன்ஜினில் அது ஹெட்டிலேயே, ஒவ்வொரு இன்லெட் போர்ட்டின் (சிலிண்டருக்குக் காற்று போகும் வழி) கூரையிலும் உட்காருகிறது. அதனால் நாம்தான் அடைக்க வேண்டும்.

சரியாக அடைக்காவிட்டால் அந்த வழியாகக் காற்று புகும். அந்த சிலிண்டரில் மட்டும் கலவையில் பெட்ரோல் குறையும். ஐடிலிங் நிலையாக நிற்காது, லோடில் தட்டும், நாளாக நாளாக பிஸ்டனே கருகலாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். ஐடிலிங்கில் போர்ட்டுக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிட ஏறக்குறைய 0.6 பார் குறைவாக இருக்கும். 15 மி.மீ. ஓட்டை என்று வைத்தால் அடைப்பை உள்ளே இழுக்கும் விசை வெறும் 1 கிலோ எடை அளவுதான். அடைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் அடைப்பு உள்ளே விழுந்தால் நேராக இன்லெட் வால்வு, அடுத்து பிஸ்டன். ஆகவே, பசையோ சீலரோ பிடித்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். என்ன ஆனாலும் உள்ளே போக முடியாத வடிவம்தான் பாதுகாப்பு: வெளிப்பக்கம் ஓட்டையைவிட அகலமான தலை, தலைக்குக் கீழே மரை.

படி 1: பழைய இன்ஜெக்டரும் இன்சர்ட்டும்

கே-ஜெட்ரானிக் இன்ஜெக்டருக்கு மரை கிடையாது. தடித்த ஓ-ரிங்கின் பிடியில் மட்டும் நிற்கிறது. ஆட்டி ஆட்டி இழுத்தால் வந்துவிடும். அது செருகியிருந்த இன்சர்ட் என்ற குழல்தான் ஹெட்டில் மரையோடு ஏறியிருக்கும். பிளாஸ்டிக் இன்சர்ட் என்றால் பல வருட சூட்டில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். உள்ளே இருக்கும் அறுகோணக் குழியில் பொருந்தும் ஆலன் கீயை முழுசாக இறக்கி, அவசரப்படாமல் திருப்புங்கள். உடைந்தால் துண்டுகள் போர்ட்டில் விழும். அதனால் மேனிஃபோல்டைக் கழற்றி, போர்ட்டுக்குள் பனியன் வேஸ்ட்டைத் திணித்த பிறகே கீயைத் தொடுங்கள். ஹெட் காரிலேயே இருந்தால், வேலை செய்யும் சிலிண்டரை கம்ப்ரஷன் உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

படி 2: அளவு எடுத்து லேத்துக்கு

முழுசாக வந்த ஒரு இன்சர்ட்டைத் தனியே வையுங்கள், அதுதான் மாதிரி. மரையின் வெளிவிட்டத்தை வெர்னியரில் பாருங்கள், பிட்சை (மரைக்கு மரை உள்ள இடைவெளி) மரை கேஜில் பாருங்கள். இரண்டையும் ஊகிக்க வேண்டாம். லேத் பட்டறைக்கு அந்த இன்சர்ட்டையே கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் நல்லது.

எந்த உலோகம்? அலுமினியம். ஹெட்டும் அலுமினியம் என்பதால் சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியும். இரும்பின் விரிவு ஏறக்குறைய அதில் பாதி. 15 மி.மீ. ஓட்டை 80 டிகிரி சூடேறும்போது வித்தியாசம் 0.013 மி.மீ. வரை வரும். அடித்து இறக்கிய இரும்பு அடைப்பு தளர அது போதும். மரை அடைப்பில் இரும்பு தாங்கும்தான், ஆனாலும் எனக்கு அலுமினியம் தவிர வேறெதிலும் மனசு ஒப்பாது.

நீளம்தான் இங்கே கவனிக்க வேண்டியது. அடைப்பின் நுனி போர்ட்டின் கூரையோடு சமமாக இருக்க வேண்டும், அல்லது அரை மி.மீ. உள்வாங்கி இருக்க வேண்டும். துருத்தினால் காற்றோட்டம் கெடும். நிறைய உள்வாங்கினால் அந்தக் குழியில் பெட்ரோல் தங்கும். வாஷரோடு மாட்டி இறுக்கி, போர்ட்டுக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரல் நுனிக்குத் தெரியும். இடித்தால் கழற்றித் தேய்த்து மறுபடி பாருங்கள். நான்கு துளையும் ஒரே ஆழம் என்று எண்ணாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொருத்தி, எண் குறித்து வையுங்கள்.

படி 3: மாட்டுவது

மரையைப் பெட்ரோலில் கழுவிக் காயவிடுங்கள். தலைக்குக் கீழே புது அலுமினிய வாஷர். மரையில் மீடியம் வலுவுள்ள த்ரெட் லாக் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. டெஃப்லான் டேப் வேண்டாம், அதன் பிசிர் போர்ட்டுக்குள் போகும். அலுமினிய மரை என்பதால் குட்டை ஸ்பேனரில் இறுக்கினால் போதும். அப்புறம் வேஸ்ட்டை வெளியே எடுத்தாயிற்றா என்று நான்கு போர்ட்டிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

எபாக்ஸியை மட்டும் ஊற்றி அடைக்கும் குறுக்குவழி பரவலாக இருக்கிறது. பெட்ரோலும் சூடும் மாறி மாறிப் படும் இடம் அது. பிடி விட்டால் விழுவது உள்ளேதான். செய்யாதீர்கள். பழைய இன்ஜெக்டரையே அடைத்துச் செருகி வைப்பது தற்காலிகத்துக்குச் சரி, ஆனால் பேக்ஃபயர் ஆனால் துள்ளி வெளியே வரும். மேலே ஒரு பட்டையைப் போட்டு அழுத்திப் பிடிக்க வேண்டும்.

படி 4: சோதனை

ஹெட் மேசையில் இருந்தால் வேலை சுலபம். அடைப்புகள் கீழ்ப்பக்கம் வரும்படி கவிழ்த்து, வால்வுகள் மூடிய நிலையில் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். வாஷர் ஓரம் காய்ந்தே இருக்க வேண்டும்.

காரில் மாட்டியாகிவிட்டது என்றால், இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஒவ்வொரு அடைப்பைச் சுற்றியும் சோப்புத் தண்ணீர் கொஞ்சம் பீய்ச்சுங்கள். ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை இங்கே பயன்படுத்தவே கூடாது. இந்த ஹெட்டில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். அடைப்புக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும்.

ஸ்டார்ட் பண்ணும் முன் பெட்ரோல் பம்பையும் பாருங்கள். கே-ஜெட்ரானிக் பம்ப் தரும் அழுத்தம் 5 பார் அளவில் இருக்கும், வெபருக்கு 0.2 பார் போதும். பழைய பம்பை அப்படியே விட்டால் கார்புரேட்டர் வழிந்து, அதே சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் கொட்டும். குறைந்த அழுத்தப் பம்ப் போட்ட பிறகே சாவியைத் திருப்புங்கள்.