மெக்சிகோ மூதாதையரைத் தேடுவோர் திருமண விசாரணைக் கோப்புகளைத் தவறவிட வேண்டாம்

மெக்சிகோவில் பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதிவு செய்யும் குடிமைப் பதிவுச் சட்டம் பெனிட்டோ ஹுவாரெஸ் ஆட்சியில் 1859-இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய தலைமுறைகளைத் தேடுவோர் கத்தோலிக்கத் திருச்சபையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளையே நாட வேண்டும். அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம் 1950-களிலிருந்து மைக்ரோஃபிலிமில் படமெடுத்த இவ்வேடுகளில் பெரும்பகுதியை இன்று ஃபேமிலிசர்ச் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெயரைத் தட்டித் தேடியும் எதுவும் கிடைக்காவிட்டால் கைவிட்டுவிடாதீர்கள். பல சுருள்களுக்குப் பெயர் அட்டவணை முழுமையாக இல்லாததால், ஊர்ப் பெயரைக் கொண்டு ஏடுகளைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

இவற்றுள் உண்மையான புதையல், திருமணத்துக்கு முன் மணமக்களைப் பற்றித் திருச்சபை விசாரித்து எழுதிவைத்த திருமண விசாரணைக் கோப்புகளே என்பது என் உறுதியான கருத்து. மணமக்கள் இரத்த உறவினராக இருந்தால் திருச்சபையிடம் விலக்கு பெற வேண்டியிருந்தது. அந்த மனுக்களில் இருவருக்கும் பொதுவான மூதாதையிலிருந்து இறங்கிவரும் சிறு வம்ச மரத்தையே சில வேளைகளில் வரைந்து வைத்திருப்பார்கள், ஒரே தாளில் மூன்று நான்கு தலைமுறைகள் தெரிந்துவிடும்.

காலனிக்காலத்தில் பல ஊர்களில் ஸ்பானியருக்கு ஓர் ஏடும், பழங்குடியினருக்கும் கலப்பினத்தவருக்கும் வேறு ஏடுகளும் இருந்தன. ஒரே குடும்பத்தின் பிள்ளைகள்கூட வெவ்வேறு ஏடுகளில் பதிவாகியிருக்கக்கூடும் என்பதால் எல்லாவற்றையும் பாருங்கள். தேதியைப் படிக்கும்போதும் கவனம் தேவை: மாதத்தின் இடத்தில் 7 என்ற எண்ணோடு ‘ப்ரே’ என்ற விகுதி இருந்தால், அது ஜூலை அல்ல, ஸ்பானிய மொழியில் ‘செப்டியெம்ப்ரே’ எனப்படும் செப்டம்பர்.