கண்ணாடியா பிளாஸ்டிக்கா? வீட்டு கெமிஸ்ட்ரில வழமையா விடுற பிழைகள்

கண்ணாடி எண்டா எதையும் தாங்கும், பிளாஸ்டிக் எண்டா உருகிடும், இந்த நினைப்போடதான் கனபேர் வீட்டில சோப் செய்யவோ பிள்ளைகளுக்கு படிகம் வளர்த்துக் காட்டவோ இறங்குறாங்க, முதல் பிழையே அதுதான். உள்ளுக்க என்ன ஊத்தப் போறீங்க, அது எவ்வளவு சூடாகும், எத்தனை நாள் அதுக்குள்ள கிடக்கும், இத மூண்டையும் பார்க்காம எது நல்லதெண்டு சொல்லவே ஏலாது.

கூடப் பிழை நடக்கிறது தேங்காய் எண்ணெய் சோப்புக்கு கோஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ரொக்சைட் எண்ட கடும் காரம், கரைக்கிற இடத்தில. 100 கிராம் கோஸ்டிக்க 250 மில்லி தண்ணில கரைச்சா அடுப்பே இல்லாம 80, 90 டிகிரிக்கு ஏறிடும், அதப் போய் கழுவி வச்ச ஜாம் போத்தல்ல செய்றாங்க! ஜாம் போத்தல் சாதாரண சோடா லைம் கண்ணாடி, சூட்டுக்கு அது விரியிறது ஆய்வுகூட பீக்கர் செய்யிற போரோசிலிக்கேட்ட விட கிட்டத்தட்ட மூண்டு மடங்கு. கோஸ்டிக் மணிகள் அடியில குவிஞ்சு அந்த இடம் மட்டும் கொதிக்க, அடியும் சுவரும் சேருற மூலையில வெடிப்பு விழுந்து வட்டமா ஓடும், போத்தலத் தூக்கினா அடி மேசையில நிக்கும், மேல் பக்கம் மட்டும் கையில வரும், உள்ளுக்க இருந்தது உங்கட கால்ல.

எங்கட வீட்டில பைரெக்ஸ் பிராண்ட் கண்ணாடிப் பாத்திரம் இருக்கே எண்டு சொல்லுவீங்க. 1915ல அது போரோசிலிக்கேட்டாத்தான் தொடங்கினது, ஆனா இப்ப அமெரிக்காவில செய்யிற சமையலறைச் சாமான் டெம்பர் பண்ணின, அதாவது சூடாக்கி சட்டெண்டு குளிர வச்சு உறுதியாக்கின, சோடா லைம், அதால பேர மட்டும் நம்ப வேண்டாம். சரி, உண்மையான போரோசிலிக்கேட்டே கிடைச்சாலும் கடும் காரம் கண்ணாடிய மெல்ல மெல்லத் தின்னும், உள்பக்கம் புகை படிஞ்ச மாதிரி மங்கத் தொடங்கினா அத திரும்ப சூட்டுக்குப் பாவிக்காதீங்க. கண்ணாடி மூடி போட்ட போத்தல்ல கோஸ்டிக் கரைசல வச்சா மூடி இறுகிப் பிடிச்சிடும், பிறகு திறக்கிறது பெரிய கூத்து.

இதுக்கு வேண்டியது தடிப்பான பிளாஸ்டிக் ஜக், கொழும்பு புறக்கோட்டையில பிளாஸ்டிக் சாமான் கடையில நிண்டு ஜக்கக் கவிழ்த்து அடியில முக்கோணத்துக்குள்ள என்ன இலக்கம் எண்டு பாருங்க. 5 எண்டா பொலிப்ரொப்பிலீன், கொதிநீர் சூட்டையும் காரத்தையும் தாங்கும். ஆறின கரைசல வைக்க 2 இலக்க போத்தல் போதும். 1 எண்டு போட்ட சோடா போத்தல் 70 டிகிரி தாண்டினா சுருங்கும், காரமும் அத அரிக்கும். அலுமினியம் கிட்டயும் கொண்டு போக வேண்டாம், ஹைட்ரஜன் வரும். எந்தப் பாத்திரமா இருந்தாலும் தண்ணிய முதல் ஊத்தி அதுக்குள்ள கோஸ்டிக்க கொஞ்சம் கொஞ்சமா போடணும், மாத்திச் செய்யவே கூடாது.

அசிட்டோன் எண்டா கதை தலைகீழ். கன நெயில் பொலிஷ் ரிமூவர்ல இருக்கிறது அதுதான், 6 போட்ட யோகட் கப்ல ஊத்தினா கொஞ்ச நேரத்தில அடி கொழகொழத்து ஒழுகும். இதுக்கு கண்ணாடிதான், இறுக்கமான மூடியோட. அயடினும் அப்பிடித்தான், பிளாஸ்டிக்குக்குள்ள ஊறிக் கறை பிடிச்சா போகாது. துத்தம் மாதிரி உப்புக் கரைசல்ல படிகம் வளர்க்க ஜாம் போத்தல் தாராளமாப் போதும், கொதிக்கக் கொதிக்க மட்டும் ஊத்தாதீங்க.

குடிக்கிற தண்ணிப் போத்தல்ல கெமிக்கல் வைக்கிறத நான் பிழை எண்டு சொல்ல மாட்டன், அது மடத்தனம், ராத்திரி தாகத்தில எழும்புற ஆள் லேபல் பார்க்கிறதில்ல. மிச்ச கோஸ்டிக்க கொழும்புக் காத்தில திறந்தும் வைக்காதீங்க, ஈரத்தையும் கார்பன் டையொக்சைட்டையும் இழுத்து கசகசத்திடும், அடுத்த முறை நிறுக்கிற கணக்கு பிழைச்சிடும்.

ஹைட்ரஜன் பெரொக்சைட் அது வந்த பிளாஸ்டிக் போத்தல்லயே கிடக்கட்டும். அது தானா உடைஞ்சு ஒட்சிசன் விட்டுக்கொண்டே இருக்கும், இறுக்கி மூடின கண்ணாடிக்குள்ள அமுக்கம் ஏறினா வெடிக்கும், செறிவு கூடினதுக்கு வாற மூடியில காத்து போக வழி வச்சிருக்கிறது அதுக்குத்தான், ஒழுகுது எண்டு நினைச்சு டேப் சுத்தாதீங்க.