எண்பது வயதுப் பெரியவரோடு திருக்கடையூருக்கு ஒரு வேன் பயணம்

முதலில் தேதி. எண்பது வயதானவருக்குத் திருக்கடையூர்க் கோயிலில் செய்யும் சடங்கான சதாபிஷேகத்தை ஆங்கிலப் பிறந்தநாளில் வைக்க மாட்டார்கள், தமிழ் மாதமும் ஜென்ம நட்சத்திரமும் பார்த்துத்தான். அதிலும் எண்பது முடிந்ததுமே செய்கிறவர்கள் உண்டு, ஆயிரம் பிறை கண்டிருக்க வேண்டும் என்ற கணக்குப்படி எண்பது வயது எட்டு மாதம் ஆகட்டும் என்பவர்களும் உண்டு. ஆதாரில் உள்ள தேதியை நம்பாதீர்கள், எங்கள் பெரியப்பாவுக்கு அது வாத்தியார் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாய்க்கு வந்தபடி எழுதியது. ஜாதகத்தைத் தேடி எடுத்துவிட்டு அப்புறம் அங்கே சடங்குக்கு ஏற்பாடு செய்து தருபவருக்குப் போன் போடுங்கள். எத்தனை கலசம், மாலை, மேளம், சாப்பாடு, அறை, இதில் எதெல்லாம் பேசிய தொகையில் சேர்த்தி என்று எழுதியே வாங்கிவிடுங்கள். எங்களுக்கு ஏற்பாடு செய்தவர் போனில் "எல்லாம் சேர்த்துதான் சார்" என்றார், அங்கே போனதும் மாலைக்குத் தனி, மேளத்துக்குத் தனி என்று ஆரம்பித்தார்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பிடித்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகப் போனால் 260 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மேப் காட்டும் நேரத்தோடு இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். முந்தின நாளே கிளம்புங்கள். ராத்திரி முழுக்க வேனில் குலுங்கி வந்த மனிதரை விடியற்காலையில் மணையில் உட்காரவைப்பது பாவம்.

வேனில் முதல் வரிசை ஜன்னல் சீட் பெரியவருக்கு, குழந்தைகள் எவ்வளவு அழுதாலும் சரி. படி உயரமாக இருக்கும், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். "எனக்கு எதுக்குடா இதெல்லாம்" என்ற பெரியப்பா கடலூர் தாண்டியதும் தானாகவே "அந்த ஸ்டூல் எங்கே" என்றார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை சுத்தமான கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார், நம்மால் எல்லாருக்கும் தொந்தரவு என்று தண்ணீரே குடிக்காமல் வருவார், அதைத்தான் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை. தயிர்சாதத்தைப் பால் கூட்டிப் பிசையுங்கள், மத்தியானம் வரை புளிக்காது.

இப்போது முக்கியமான விஷயம். கலச அபிஷேகத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையாக வந்து தண்ணீர் ஊற்றுவார்கள், படம் எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். நடுவில் இரண்டு கிழங்கள் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருக்கும். எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் அப்படித்தான் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தார்கள், மாற்றுத்துணி வேனுக்குள், வேன் பூட்டி, சாவியோடு டிரைவர் டீக்கடையில். ஆகவே துண்டு இரண்டு, வேட்டி, புடவை, காலை மாத்திரை, கண்ணாடி எல்லாம் ஒரே பையில், அந்தப் பை பொறுப்பான ஒரு ஆளின் தோளில். அந்த ஆள் படம் எடுக்கப் போகக் கூடாது.

சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரமாவது பெரியவர்களைப் படுக்கவிடுங்கள். சாயங்காலம் பக்கத்திலேயே தரங்கம்பாடி, டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது, பெரிதாக நடக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்குக் கேக் வெட்டினால்தான் பிறந்தநாள். அதைச் சென்னையிலிருந்து தூக்கி வராதீர்கள், வெயிலில் கூழாகிவிடும். காரைக்காலில் முன்பே சொல்லிவைத்து வாங்குங்கள். கடற்காற்றில் மெழுகுவத்தி நிற்காது, வேனுக்குள்ளேயே வெட்டுங்கள். கத்தி மறந்துபோனால் இட்லி டப்பா மூடி போதும், நாங்கள் அதில்தான் வெட்டினோம்.