அடர்த்தியான அலை முடியைக் குட்டையாக வெட்டும் முன்

முதல் தடவை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டபோது பார்லரில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஈரமான முடியைத் தாடை வரை ஒரே நேராக வெட்டினார்கள். வீட்டுக்கு வந்து காய்ந்ததும் அது காதுமடல் வரை ஏறி, விரித்த குடை மாதிரி பக்கவாட்டில் நின்றது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

வெட்டியவர்மேல் குறை இல்லை. நான் கேட்டதைத்தான் செய்தார். நீளமான முடியில் அதன் எடையே அலையைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். வெட்டினால் எடை போய்விடும், அலை எகிறும், அடர்த்தி முழுக்க நுனிக்கு வந்து சேரும். ஆகவே எந்த ஸ்டைல் என்று யோசிப்பதற்கு முன், அந்த அடர்த்தி எங்கே போய் நிற்கும் என்று பார்க்க வேண்டும்.

1. முடியை அளந்து பாருங்கள்

தலைக்குக் குளித்ததும் எண்ணெய், சீரம் எதுவும் போடாதீர்கள். ஈரமாக இருக்கும்போது காதோரம் ஒரு கற்றையை நேராக இழுத்து, வேரிலிருந்து நுனி வரை இஞ்ச் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தானாகக் காய்ந்த பிறகு, இழுக்காமல் அதே கற்றையை மறுபடி அளந்து பாருங்கள். 2 அங்குலம் குறைந்திருந்தால், குட்டையாக வெட்டியபின் நீளத்தோடு ஒப்பிட்டால் அந்த ஏற்றம் இன்னும் கூடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எடையும் குறைந்துவிடுகிறதே.

அப்புறம் ஓர் இழையை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். தடிமனாக விரலில் நன்றாகத் தட்டுப்பட்டால் உங்கள் முடி முரடு. ரொம்பக் குட்டையாக வெட்டினால் படியாமல் விறைத்து நிற்கும். இழை மெல்லியது, ஆனால் எண்ணிக்கை அதிகம் என்றால் லேயர், அதாவது மேலே குட்டையும் கீழே நீளமுமாக அடுக்கடுக்காக வெட்டுவது, அழகாக விழும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ‘அடர்த்தியான முடி’தான்.

உச்சியிலும் பிடரியிலும் சுழி எங்கே இருக்கிறது என்றும் பார்த்துவையுங்கள். அந்த இடத்தில் குட்டையாக வெட்டினால் முடி அதன் இஷ்டத்துக்குத்தான் திரும்பும்.

2. நீளம்

முதல் முறை என்றால் காய்ந்தபின் காறை எலும்பைத் தொடும் நீளம் போதும். ஓரளவு எடை மிஞ்சும், ரப்பர் பேண்டு போடலாம், கல்யாண வீட்டில் இரண்டு முழம் மல்லிகையையும் தாங்கும். சரியாகத் தோளில் முட்டும் நீளத்தைத் தவிர்த்துவிடுங்கள். நுனி தோளில் இடித்து வெளிப்பக்கமாக மடங்கும்.

தாடை வரை வேண்டுமென்றால் கழுத்தை ஒட்டிய அடி முடியைக் கொஞ்சம் குறைத்து, உள்ளே லேயர் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் என் குடைதான். இழை முரடாக இல்லாவிட்டால், கழுத்து தெரியும்படி மிகக் குட்டையாக, பிக்ஸி என்னும் பாணியில் வெட்டுவதும் இந்த முடிக்குப் பொருந்தும். ஆனால் முடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம் வளர்வதால், 5, 6 வாரத்துக்கு ஒருமுறை போய் உட்கார வேண்டும்.

3. எப்படி வெட்டுவது

இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது. நம் ஊர் பார்லர்களில் லேயர் என்றாலே பல சமயம் படிப்படியாகத் தெரியும் ஸ்டெப் கட்தான் கிடைக்கும். அடர்த்தியான முடியில் மேலே குட்டையாக ஒரு படி விழுந்தால், அது தட்டு அடுக்கியது போல் தனியாகத் துருத்தும். ‘நீளமான லேயர், மிகக் குட்டையானது தாடைக்கு மேலே போக வேண்டாம், படி தெரியக் கூடாது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று பல் வைத்த கத்தரியை எடுத்தால் கவனமாக இருங்கள். வேருக்குப் பக்கத்தில் அதைப் போட்டால் உள்ளே முளைக்குச்சி போலக் குட்டை முடிகள் உண்டாகி, மேலிருக்கும் முடியைத் தூக்கிவிடும். சென்னைப் புழுக்கத்தில் அது இன்னும் உப்பிக்கொள்ளும். சாதாரணக் கத்தரியை நிமிர்த்திப் பிடித்து நுனியை மட்டும் கொத்திக் கொத்தி வெட்டுவது நல்லது. ரேஸரும் வேண்டாம், அலை முடியின் நுனி பிசிறும்.

4. முகம்

இதற்கு நான் ரொம்ப முக்கியத்துவம் தருவதில்லை. வட்ட முகத்துக்குத் தாடையைத் தாண்டிய நீளமும் ஓர வகிடும் எடுப்பாக இருக்கும். நீள முகத்துக்குப் பக்கவாட்டு அடர்த்தி நல்லதே, உச்சியில் உயரம் வேண்டாம். நெற்றியில் விழும் முடி ஆசையா? வியர்வையில் ஒட்டிக்கொள்ளும், முதலில் கன்ன எலும்பு வரை வெட்டிப் பாருங்கள்.

5. வெட்டும் நாள்

முந்தின நாள் குளித்து, அலை தெரியும்படி முடியை விட்டுக்கொண்டு போங்கள். உங்களைப் போன்ற அலை உள்ளவரின் படத்தைக் காட்டுங்கள். நேர்முடிக்காரரின் பாப் (தாடையளவில் ஒரே நேராக வெட்டுவது) படம் உதவாது. கழுத்தில் விரலை வைத்து, ‘காய்ந்தபின் இங்கே வரணும்’ என்று சொல்லுங்கள். ஈரத்தில் வெட்டுவதானால் அந்த இடத்துக்கு 2, 3 அங்குலம் கீழேயே நிறுத்தச் சொல்லி, காய்ந்தபின் மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாம். ப்ளோ டிரையரால் நீட்டிவிட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீட்டிய முடியில் வெட்டின் குறை தெரியாது.

வீட்டில் இரண்டு தடவை தலைக்குக் குளிக்கும் வரை எதையும் முடிவு செய்யாதீர்கள். கண்டிஷனர் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்து, பழைய காட்டன் பனியனால் ஒற்றி, காயும் வரை கையை வைக்காமல் விடுங்கள். அதற்குப் பிறகும் ஒரு இடம் துருத்தினால், அங்கே ஒரு கிளிப்பைக் குத்திக்கொண்டு அதே பார்லருக்குப் போய்க் காட்டுங்கள்.