நரிகளின் நுரையீரல் தமனிப் புழுக்கள்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பகுதியில், பாலாற்றங்கரையிலோ அமிர்தி, ஒடுகத்தூர் பக்கத்துக் காட்டோரங்களிலோ மெலிந்து, இருமி, தள்ளாடி நடக்கும் நரியைக் கண்டால், அதற்கு வெறி பிடித்துவிட்டது என்பதே முதலில் எழும் பேச்சு. அது இறந்து கிடந்தால், யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்பார்கள். இரண்டும் நடக்கக்கூடியவைதான். ஆனால் விசாரணை அந்த இரண்டோடு நின்றுவிடுவதால், நுரையீரலின் இரத்தக் குழாய்களில் புழுக்கள் உண்டாக்கும் நோய் எவர் கண்ணிலும் படாமலே மண்ணுக்குள் போய்விடுகிறது.

அதற்காக ஆர்வத்தில் உடலை வெறுங்கையால் தொடுவது மிகப் பெரிய தவறு. ரேபிஸ் இல்லை என்று உறுதியாகும் வரை ஒவ்வொரு நரியையும் ரேபிஸ் உள்ளதாகவே கருத வேண்டும். மேலும், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நரியின் உடல் அரசின் சொத்து என்பதால், வனத்துறைக்குத் தெரிவித்து, அவர்கள் அனுமதியுடன் கால்நடை மருத்துவர்தான் அதை அறுத்துப் பார்க்க வேண்டும்.

அப்படி அறுக்கும்போதுதான் அடுத்த தவறு நேர்கிறது. இதயப்புழு எனப்படும் டைரோஃபைலேரியா இமிட்டிஸ், கொசுவின் வழியாக நாய், நரி, ஓநாய், செந்நாய் ஆகியவற்றுக்குப் பரவுவது. பெண் புழு 30 செ.மீ. வரை வளரும். முதிர்ந்த புழுக்கள் பெரும்பாலும் வாழ்வது நுரையீரல் தமனிகளில்; எண்ணிக்கை மிகும்போதுதான் இதயத்தின் வலது அறைகளை நிறைக்கின்றன. ஆகவே இதயத்தை மட்டும் வெட்டியெடுத்துத் திறந்து, காலியாக இருக்கிறது என்று எழுதிவிடுவது பயனற்றது. வெட்டும் இடத்திலேயே புழு துண்டாகி இரத்தத்தோடு வழிந்து போவதும் உண்டு. இதயத்தையும் நுரையீரலையும் பிரிக்காமல் ஒன்றாக எடுத்து, வலது கீழறையில் கத்தரிக்கோலை நுழைத்து, நுரையீரல் தமனி வழியே அதன் சிறு கிளைகள் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். நலமான தமனியின் உட்சுவர் வழவழப்பாகப் பளபளக்கும். புழு தங்கிய தமனியில் அது தடித்து, விரல் வைத்தால் சொரசொரவென்று படும். புழுவே கிடைக்காவிட்டாலும் இந்தச் சொரசொரப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஏனெனில் தடித்த சுவரால் குழாய் குறுகி, நுரையீரலுக்குள் இரத்த அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தளர்ந்து, வயிற்றில் நீர் கோப்பதே இந்நோயின் போக்கு. புழு செத்த பிறகும் அதன் துண்டுகள் குழாயை அடைத்துச் சேதத்தைக் கூட்டும். எடுத்த புழுவை, உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் திரவமான ஃபார்மலினில் போட்டுவிட்டால் பின்னர் மரபணுச் சோதனை கடினமாகிவிடும். புழுவை 70 சதவீத எத்தனாலிலும், நுரையீரல் துண்டுகளை 10 சதவீத ஃபார்மலினிலும் தனித்தனியே வைப்பது முறை.

உயிருள்ள நரியின் இரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா என்னும், பெண் புழு ஈனும் நுண்புழுக்களைக் கண்டதும் இதயப்புழு என்று முடிவு கட்டுவதும் தவறே. தோலுக்கடியில் வாழும் டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ் தென்னிந்திய நாய்களில் பதிவாகியுள்ளது. தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் அகாந்தோகைலோனிமா ரெகாண்டிட்டம் என்ற வேறொரு புழுவும் உண்டு. மூன்றின் நுண்புழுக்களும் நுண்ணோக்கியின் அடியில் ஏறக்குறைய ஒன்று போலவே நெளியும். நீளத்தை அளந்தோ மரபணுவைப் பார்த்தோதான் பிரிக்க முடியும். இரத்தத்தில் இதயப்புழு விடும் பொருளைத் தேடும் ஆன்டிஜன் சோதனை முதிர்ந்த பெண் புழுவையே முக்கியமாகக் காட்டுவது என்பதால், ஆண் புழு மட்டும் இருந்தால் அது பொய்யாக இல்லை என்று சொல்லிவிடும்.

ஐரோப்பியச் செந்நரிகளில் பேசப்படும் ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் வாசோரம் என்ற நுரையீரல் தமனிப் புழு வேறு வகையானது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் துலூஸ் நகரில் முதலில் அறியப்பட்ட இது, நத்தைகள் வழியாகப் பரவும். மழைக்காலத்தில் வேலூர்த் தோட்டங்களில் நத்தைகள் பெருகுவதைக் கண்டு சோதிக்காமலே இந்தப் பெயரை நம் நரிகளின் மேல் ஒட்டிவிடக் கூடாது. இதன் இளம்புழுக்கள் எச்சத்தில் வெளியேறுபவை. வழக்கமான உப்புக் கரைசல் மிதவைச் சோதனையில் அவை சுருங்கிச் சிதைந்துவிடும் என்பதால், புதிய எச்சத்தைத் துணியில் கட்டி, புனலில் வெதுவெதுப்பான நீரில் இரவு முழுவதும் தொங்கவிட்டு, அடியில் இறங்குவதைப் பார்க்க வேண்டும். மண்ணில் கிடந்த பழைய எச்சத்தில் மண்ணிலேயே வாழும் புழுக்கள் ஏறிவிடுவதால், அதில் காண்பதை நம்ப முடியாது. ஒரு நாள் இல்லாதது மறுநாள் வரலாம் என்பதால் தொடர்ந்து மூன்று நாள் எச்சம் தேவை. காட்டு விலங்கில் இது எளிதல்ல என்பதையும் அறிக்கையில் எழுதுவதே நேர்மை.

நெஞ்சுக்கூடு முழுவதும் இரத்தம் தேங்கித் திடீரென இறந்த நரியைக் கண்டால், விஷத்தையோ அடிபட்டதையோ மட்டும் நினைக்காமல், இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருந்தமனியையும் நீளவாக்கில் திறந்து பாருங்கள். சாணி வண்டு வழியாக வரும் ஸ்பைரோசெர்கா லூப்பை என்ற புழு, உணவுக்குழாய்க்குப் போகும் வழியில் பெருந்தமனிச் சுவரில் சில மாதங்கள் தங்கி அதைப் பலவீனமாக்கும். சுவர் வீங்கி வெடிப்பதும் நடக்கும். உணவுக்குழாயில் முடிச்சுகளும் இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

இரக்கத்தால் இறைச்சியில் புழு மருந்தைக் கலந்து காட்டோரத்தில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்த விலங்கு எவ்வளவு தின்றது என்பது தெரியாது. இரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா நிறைந்த விலங்குக்கு அவை ஒரே நேரத்தில் சாவதே உயிராபத்தான அதிர்ச்சியைத் தரக்கூடும். அதே அக்கறையை ஊர் நாய்களின் மேல் காட்டலாம்: கால்நடை மருத்துவரின் பரிசோதனைக்குப் பின் தடுப்பு மருந்து கொடுப்பது, கொசு பெருகும் தேங்கிய நீரை அகற்றுவது, நாயும் நரியும் ஒரே இடத்தில் கூடும்படி கறிக்கடைக் கழிவை ஆற்றோரத்தில் கொட்டாமல் இருப்பது.